லைட் போட்டால் சப்வூஃபர் தானாக வருகிறது: ரிலே, சுவிட்ச், தப்பான ஒரு எர்த்

கோவையில் கார் ஆடியோ வேலை செய்யும் எனக்கு இந்த வண்டி வந்தது ஒரு ஏப்ரல் மாத மதியம். பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். வேறு ஒரு கடையில் ஆண்ட்ராய்டு ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ), டோர் ஸ்பீக்கர்களுக்கு நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), டிக்கியில் சப்வூஃபருக்கு, அதாவது பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கருக்கு, தனியாக ஒரு மோனோ ஆம்ப், ஆம்ப் இரண்டும் சூடாகாமல் இருக்க இரண்டு சின்ன ஃபேன் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வண்டிக்காரருக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது, பின் சீட்டில் தூங்கும்போது சப் மட்டும் அணைய வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதற்காக டேஷ்போர்டில் விளக்கு எரியும் ராக்கர் சுவிட்ச் ஒன்றும், டிக்கியில் ஒரு ரிலேவும் (கரண்ட் கொடுத்தால் தானாகச் சேரும் சுவிட்ச்) வைத்திருந்தார்கள்.

அவர் சொன்ன புகாரை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "ராத்திரி லைட்டு போட்டாப் போதுங்ண்ணா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் சப் தானா வந்துடுது. மத்தியானம் ரொம்ப நேரம் ஓட்டுனா பாட்டு போயிடுது, சப் மட்டும் தும் தும்னு அடிச்சிட்டே இருக்கு." இதற்கு முன் ரிலே மாற்றியாகிவிட்டது, சுவிட்ச் மாற்றியாகிவிட்டது, கடைசியில் "ஆம்ப் போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆம்ப் இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே இதை முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இப்படி நல்ல ஆம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, புது ஆம்பிலும் அதே தொல்லை வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

அவர் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். பகலில் சுவிட்சைப் போட்டால் அதன் விளக்கு பளிச்சென்று எரிகிறது, அணைத்தால் அணைகிறது, எல்லாம் சரி. ராத்திரி ஹெட்லைட் போட்ட பிறகு தலைகீழ்: சுவிட்சைப் போட்டால் விளக்கு அணைந்துவிடுகிறது, அணைத்தால் மங்கலாக எரிகிறது. அவருக்கு அது ஒரு வேடிக்கை. எனக்கு அங்கேயே பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதியை அளந்துதான் உறுதி செய்ய வேண்டும்.

முதலில் ரிலே எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். காரில் வரும் சதுர ரிலேவின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் போட்டிருக்கும், ஐந்து பின் (முனை) உள்ள ரிலே என்றால் நடுவில் 87ஏ. இது டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தின் எண் முறை. 85-க்கும் 86-க்கும் நடுவில் காயில், அதாவது கம்பிச் சுருள். அதில் கரண்ட் போனால் 30-ம் 87-ம் ஒட்டிக்கொள்ளும். காயில் 85 ஓம் சுற்றி இருக்கும், அப்படியென்றால் வண்டி ஓடும்போது 13.8 வோல்ட்டில் அது எடுப்பது கிட்டத்தட்ட 160 மில்லி ஆம்பியர். இதுவரை எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காமல் விடுவது அடுத்த விஷயம்: ரிலே ஒட்டுவதற்கு வேண்டிய வோல்ட்டேஜ் வேறு, ஒட்டிய பிறகு விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய வோல்ட்டேஜ் வேறு. ஒட்டுவதற்கு 7, 8 வோல்ட் வேண்டும். ஒட்டிவிட்டால் 3 வோல்ட்டுக்கு இறங்கினாலும் பெரும்பாலும் விடாது, ஒன்றரை வோல்ட் பக்கம் போனால்தான் விடும். இந்த வண்டியின் இரண்டு புகாரும் இந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருந்தன.

பழைய ஒயரிங் எப்படி இருந்தது என்றால், ஹெட் யூனிட்டின் நீல-வெள்ளை ஒயர், அதாவது ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் ஒயர், நேராக டிக்கிக்குப் போகிறது. அதிலிருந்தே நான்கு சேனல் ஆம்பின் ரிமோட், இரண்டு ஃபேன். அதே நீல-வெள்ளை ஒயரில் இருந்து டேஷ்போர்டிலேயே ஒரு கிளை பிரிந்து சுவிட்சுக்குப் போகிறது, சுவிட்சிலிருந்து டிக்கியில் இருக்கும் ரிலேவின் 86-க்கு. 85 பாடி எர்த். 30-க்கு பேட்டரி லைன், 87-ல் இருந்து மோனோ ஆம்பின் ரிமோட் முனை. பேப்பரில் வரைந்து பார்த்தால் சப் வரவேண்டிய நேரத்தில் வந்து போகவேண்டிய நேரத்தில் போகும். அப்புறம் சுவிட்சின் மூன்றாவது பின். அது எங்கே போகிறது என்று டேஷ்போர்டுக்குள் கையை விட்டுப் பார்த்தால், ஹெட் யூனிட்டுக்கு வரும் ஆரஞ்சு ஒயரில் முறுக்கி டேப் சுற்றியிருந்தது. ஆரஞ்சு என்றால் இல்யூமினேஷன், பார்க்கிங் லைட் போட்டால் 12 வோல்ட் வரும் லைன்.

ஏன் அப்படிக் கொடுத்திருப்பார்கள் என்று புரிகிறது. விளக்குள்ள சுவிட்ச் என்றால் விளக்குக்கு ஒரு ஒயர் வேண்டும், டேஷ்போர்டு விளக்குகளோடு சேர்ந்து எரியட்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மூன்று பின் சுவிட்சில் விளக்கு உள்ளே எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பின் சப்ளை வருவது, ஒரு பின் லோடுக்குப் போவது, மூன்றாவது எர்த். விளக்கு இருப்பது லோடு பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில். அந்த எர்த் பின்னைத்தான் இவர்கள் பார்க்கிங் லைனில் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு நிலையாக ஓட்டிப் பாருங்கள். பகல், சுவிட்ச் ஆன்: லோடு பின்னில் ரிமோட் வோல்ட்டேஜ் இருக்கிறது. பார்க்கிங் லைன் சும்மா கிடக்கிறது, ஆனால் அதில் தொங்கும் பார்க்கிங் பல்புகள் எல்லாம் எர்த்தோடு சேர்ந்திருப்பவை, குளிர்ந்த பல்பின் தடை சில ஓம்தான், அதனால் சுவிட்ச் விளக்குக்கு அதுவே எர்த் ஆகிவிடுகிறது. பளிச்சென்று எரிகிறது. வேலை முடித்தவர் பகலில் சோதித்துப் பார்த்திருப்பார், எல்லாம் சரி என்று வண்டியைக் கொடுத்திருப்பார். ராத்திரி, சுவிட்ச் ஆன்: விளக்கின் இரண்டு பக்கமும் பாசிட்டிவ், நடுவில் வித்தியாசம் குறைவு, எரியாது. ராத்திரி, சுவிட்ச் ஆஃப்: பார்க்கிங் லைனின் 12 வோல்ட் விளக்கு வழியாகப் பின்னால் ஏறி, லோடு பின்னுக்கு வந்து, அங்கிருந்து ரிலே காயிலுக்குப் போய், 85 வழியாக எர்த். விளக்கும் காயிலும் தொடரில் நிற்கின்றன. விளக்கு மங்கலாக எரிகிறது, ரிலே ஒட்டுகிறது, சப் வருகிறது. வண்டிக்காரர் வேடிக்கை என்று சொன்னது இதைத்தான்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி வரும், எனக்கும் வந்தது. விளக்கு தொடரில் நின்றால் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் போகாதே, எப்படி ஒட்டுகிறது? இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, சுவிட்ச் ஆஃபில் 86-ல் மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.9, 86-ல் 6.5 வோல்ட். ரிலே ஒட்டியபடி இருக்கிறது. 6.5 வோல்ட்டில் இந்த ரிலே ஒட்டாது, தனியாக எடுத்துச் சோதித்தாலும் ஒட்டவில்லை. காரணம் பல்பின் இழை. சுவிட்சில் இருந்தது 1.2 வாட் இழை பல்பு. முழுசாகச் சூடானால் அதன் தடை 120 ஓம் சுற்றி, குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குதான். லைட்டைப் போட்ட அந்த முதல் நொடித் துணுக்கில் பல்பு கிட்டத்தட்ட வெறும் ஒயர் போல நடந்துகொள்கிறது, காயிலுக்கு 12 வோல்ட்டுக்கு அருகில் போய்ச் சேர்கிறது, ரிலே 10 மில்லி செகண்டு அளவில் ஒட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு இழை சூடாகி வோல்ட்டேஜ் 6.5-க்கு இறங்குகிறது. இறங்கி என்ன? ஒட்டிய ரிலேவைப் பிடித்து வைக்க 6.5 தாராளம்.

இதைப் பார்த்தபோது முன்பு பார்த்தவர்கள் ஏன் கண்டுபிடிக்க முடியாமல் திணறினார்கள் என்பதும் தெளிவானது. நம் ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது டெஸ்ட் லாம்ப், ஒரு 5 வாட் பல்பும் கிளிப்பும் ஊசியும். அதை 86-ல் வைத்தால் என்ன ஆகும்? நானும் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். டெஸ்ட் லாம்பின் குளிர்ந்த தடை 3 ஓம் அளவு, அது காயிலுக்கு இணையாகப் போய் நின்று இருந்த வோல்ட்டேஜை எல்லாம் கீழே இழுத்துவிடுகிறது. டெஸ்ட் லாம்ப் எரியவில்லை, ரிலே "டிக்" என்று விட்டுவிட்டது, சப் நின்றுவிட்டது. "86-ல சப்ளையே இல்லையே" என்றுதான் யாருக்கும் தோன்றும். அதைவிடக் கொடுமை, ஊசியை எடுத்த பிறகும் ரிலே திரும்ப ஒட்டவில்லை. சுவிட்ச் விளக்கு அதற்குள் முழுசாகச் சூடாகிவிட்டது, இனி 6.5-தான் கிடைக்கும், 6.5-ல் ஒட்டாது. லைட்டை ஒருமுறை அணைத்து, இழை ஆறிய பிறகு திரும்பப் போட்டால்தான் பிரச்சினை மறுபடி வரும். சோதிக்கப் போனால் காணாமல் போகிறது, கொடுத்து அனுப்பினால் ராத்திரி வருகிறது. "சும்மா விட்டு விட்டு வருது, போர்டு கம்ப்ளைன்ட்" என்ற முடிவுக்கு அவர்கள் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ரிமோட், ரிலே, ஹெட் யூனிட் பக்கம் எதைத் தொட்டாலும் மல்டிமீட்டரை எடுங்கள். அதன் உள் தடை 10 மெகா ஓம் அளவு, சர்க்யூட்டைத் தொந்தரவு செய்யாது. டெஸ்ட் லாம்ப் ஃபியூஸ் பாக்ஸுக்கும் ஹெட்லைட் கனெக்டருக்கும் நல்லது, அங்கேயே இருக்கட்டும்.

இன்னொன்று, ஒரு முனையில் 12-ம் இல்லை, 0-ம் இல்லை, நடுவில் ஏதோ ஒரு வோல்ட்டேஜ் நிற்கிறது என்றால் அந்த எண்ணை விடாதீர்கள். நேராக வரும் சப்ளையில் அப்படி வராது. நடுவில் ஏதோ ஒன்று தொடரில் நிற்கிறது, ஒன்று பல்பு, அல்லது கருகிய ஜாயின்ட், அல்லது வேறு ஒரு சாதனத்தின் உள்பகுதி. சுவிட்சின் மூன்றாவது பின்னில் இருந்த ஒயரை உருவியதும் 6.5 பூஜ்யமானது.

அடுத்த புகார், மதியம் பாட்டு போவது. இது ஹெட் யூனிட்டின் மேல் ஏற்றிய சுமை. ரிமோட் ஒயர் என்பது ஆம்பை "எழுந்திரு" என்று சொல்வதற்கான சிக்னல், சப்ளை லைன் இல்லை. பெரும்பாலான ஹெட் யூனிட்டுகளின் கையேட்டில் இந்த ஒயருக்கு 300 மில்லி ஆம்பியர்தான் உச்சம் என்று போட்டிருக்கும். இந்த வண்டியில் அதன் மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள்: ரிலே காயில் 160, ஃபேனின் லேபிளில் 0.18 ஆம்பியர் என்று இருந்தது, இரண்டுக்கும் 360, சுவிட்ச் விளக்கு 100 சுற்றி, ஆம்பின் ரிமோட் ஒரு 20. மொத்தம் 640 மில்லி ஆம்பியர், அனுமதித்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஹெட் யூனிட்டுக்குள் இந்த ஒயரை ஓட்டுவது ஒரு சின்ன டிரான்சிஸ்டர். காலையில் தாங்குகிறது. ஏப்ரல் மதியம், டேஷ்போர்டு ஏற்கெனவே கொதிக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டினால் அது தளர்ந்துவிடுகிறது. சும்மா இருந்தால் 13.6 காட்டிய ரிமோட் முனை, எல்லாவற்றையும் மாட்டியதும் 10-க்கு இறங்கியது. வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி நான் பின்னால் டிக்கிப் பக்கம் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன், அது மெல்ல மெல்ல இறங்கி 8-ஐத் தாண்டிக் கீழே போனதும் நான்கு சேனல் ஆம்ப் அணைந்தது. டோர் ஸ்பீக்கர்கள் எல்லாம் மௌனம். சப் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதன் ரிலே ஏற்கெனவே ஒட்டியது, 7 வோல்ட்டிலும் விடாது. மேலே சொன்ன அதே இடைவெளிதான், இங்கே வேறு முகத்தில்.

சரி, மாற்றியமைத்தது எப்படி என்று பார்ப்போம். ரிலேவை எடுத்துப் போடவில்லை, இடத்தை மாற்றினேன். நீல-வெள்ளை ஒயர் இப்போது ஒரே ஒரு வேலை செய்கிறது: ரிலேவின் 86-க்குப் போகிறது, வேறு எங்கும் கிளை இல்லை. 160 மில்லி ஆம்பியர், 300-க்குள் வசதியாக இருக்கிறது. 85 பாடி எர்த். 30-க்கு டிக்கியில் இருக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பிளாக்கில் (மெயின் கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் கட்டை) இருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக பேட்டரி லைன். 87-ல் இருந்து வருவதுதான் இனி எல்லாருக்கும் பொதுவான ரிமோட் லைன்: நான்கு சேனல் ஆம்ப், இரண்டு ஃபேன், அப்புறம் ஒரு கிளை முன்னால் போய் சுவிட்ச் வழியாகத் திரும்பி மோனோ ஆம்பின் ரிமோட் முனைக்கு.

சப்புக்குத் தனி ரிலே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். ஆம்பின் ரிமோட் முனை எடுப்பது சில பத்து மில்லி ஆம்பியர், அதை ஒரு சாதாரண ராக்கர் சுவிட்ச் ஆயுள் முழுக்கத் தூக்கும். ரிலே தேவைப்படுவது சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆள்வதற்கு, அல்லது பலவீனமான ஒரு அவுட்புட்டுக்கு ஓய்வு கொடுப்பதற்கு. பழைய ஒயரிங்கில் ரிலே வைத்தது சுமையே இல்லாத இடத்தில். சுமை இருந்த இடத்தில், அதாவது ஃபேன் இருந்த பக்கத்தில், ஒன்றும் இல்லை.

சிலர் சப்பை அணைக்க ஆம்பின் மெயின் பாசிட்டிவையே ரிலே போட்டு வெட்டலாமே என்பார்கள். செய்யாதீர்கள். ஆம்புக்குள் பெரிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு முறை சேரும்போதும் அவை நிரம்ப ஒரே மூச்சில் கரண்ட் இழுக்கும், 40 ஆம்பியர் ரிலேவின் முனைகள் பொறி தட்டி ஒருநாள் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர் ஒயரில் சுவிட்ச் வைப்பதும் வேண்டாத வேலை. ரிமோட் முனை என்று ஒன்றை ஆம்பில் வைத்திருப்பதே இதற்காகத்தான்.

சுவிட்சின் மூன்றாவது பின்னுக்கு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி, லக் கிரிம்ப் செய்து, பல் வாஷர் வைத்து நல்ல எர்த். ரிலே காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளைக் கோடு 86 பக்கம். இரண்டு ரூபாய்ச் சாமான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். காயிலின் கரண்ட் துண்டிக்கும்போது அதிலிருந்து எதிர்த்திசையில் நூறு வோல்ட்டையும் தாண்டி ஒரு அடி கிளம்பும், அது நேராகப் போய் விழுவது ஹெட் யூனிட்டின் அந்தச் சின்ன டிரான்சிஸ்டர் மேல். டையோடு இருந்தால் அது காயிலுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். தலைகீழாக வைத்தால் ரிமோட் ஒயரே எர்த்தோடு ஷார்ட் ஆகும், அதனால் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு மாட்டுங்கள். உள்ளேயே டையோடு வைத்து வரும் ரிலேக்களும் உண்டு, மேலே சின்ன படம் போட்டிருப்பார்கள், அவற்றில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்து பானெட்டைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. பேட்டரியில் இருந்து டிக்கிக்குப் போகும் 4 கேஜ் மெயின் கேபிளின் ஃபியூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பேட்டரி முதல் டிக்கி வரை அந்தக் கேபிளுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் வண்டியின் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகரத் தடுப்பில், அது நுழையும் ஓட்டையில் கிராமெட்டும் (ரப்பர் வளையம்) இல்லை, தகரத்தின் வெட்டு விளிம்பு ரப்பரில் பள்ளம் போட்டிருந்தது, விரல் வைத்தால் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்து செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் பேட்டரி தன்னிடம் இருக்கும் மொத்தத்தையும் அந்த இடத்தில் கொட்டும், டிக்கியில் இருக்கும் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை, ஆம்பை இல்லை. பேட்டரி முனையில் இருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க இந்த வேலையில் கடைப்பிடிக்கும் கணக்கு. கேபிளும் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தது, அதே தடிமனுள்ள செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம் பக்கம்தான் அது கடத்தும். வண்டிக்காரரிடம் பேசி முழுச் செம்பு 4 கேஜ் இழுத்து, கிராமெட் வைத்து, பேட்டரி பக்கத்திலேயே 80 ஆம்பியர் ஃபியூஸ் போட்டேன். அவர் கொண்டு வந்த புகாரில் இது இல்லை. ஆனாலும் இதைச் செய்யாமல் வண்டியைக் கொடுக்க மனசு வரவில்லை.

முடித்த பிறகு அளந்தவை: இன்ஜின் ஓடும்போது நீல-வெள்ளை ஒயரில் 13.4, ரிலேவுக்குப் பின் ரிமோட் லைனில் 13.7. சுவிட்ச் ஆஃப், லைட் ஆன், மோனோ ஆம்பின் ரிமோட் முனையில் பூஜ்யம். சாவியை எடுத்துவிட்டு, பார்க்கிங் லைட்டைப் போட்டும் அணைத்தும் பார்த்தாயிற்று, ரிலே அசையவில்லை. எல்லாம் அணைந்து வண்டி தூங்கும்போது பேட்டரியில் இருந்து போகும் கரண்ட் 30 மில்லி ஆம்பியருக்குள். இதை அளக்காமல் விடக்கூடாது, ஏனென்றால் ஒரு ரிலே காயில் மட்டும் சாவி எடுத்த பிறகும் ஒட்டியபடி இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு ஆம்பியர்-மணி அளவு போய்விடும், 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலைந்து நாளில் பாதியாகிவிடும். மதியம் ஏசி இல்லாமல், கண்ணாடி ஏற்றி, அவினாசி ரோட்டில் நெரிசல் நேரத்தில் ஒரு சுற்று போய் வந்தோம், பாட்டு போகவில்லை.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. எர்த் சரியான பிறகு சுவிட்ச் விளக்கு ராத்திரியும் முழு வெளிச்சத்தில் எரிகிறது, கண்ணைக் குத்துகிறது என்றார். இழை பல்பு சுவிட்சை எடுத்துவிட்டு எல்இடி சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன், அதன் வெளிச்சம் அவருக்குப் போதும். இதில் கவனிக்க ஒன்று உண்டு. முதலிலேயே எல்இடி சுவிட்ச் போட்டிருந்தால் அதே தப்பான ஒயரிங்கிலும் சப் தானாக வந்திருக்காது, எல்இடி எதிர்த்திசையில் கரண்டை விடாது. ராத்திரி சுவிட்ச் விளக்கு எரியாது என்ற ஒரு குறை மட்டும் இருந்திருக்கும், அதை யாரும் புகாராகவே கொண்டு வந்திருக்க மாட்டார்கள். முன்பு ஒருமுறை சுவிட்சை மாற்றியபோது அதே வகை இழை பல்பு சுவிட்சையே திரும்ப வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பிரச்சினையும் அப்படியே நின்றிருக்கிறது. உங்கள் வண்டியிலும் ராத்திரி லைட் போட்டால் மட்டும் ஏதாவது ஒன்று வித்தியாசமாக நடக்கிறது என்றால், அது ஆம்போ ஃபேனோ கேமராவோ எதுவாக இருந்தாலும், ஆரஞ்சு ஒயரில் யார் யார் தொங்குகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.